பதினைந்தாவது குறை

பஹ்லா,
வெள்ளிக்கிழமை, பிற்பகல்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் முஹன்னா அவர்களுக்கு,

தங்கள் மீது சாந்தியும் இறைவனின் அருளும் நிலவட்டும். இங்கு நானும் தங்கள் தங்கை ரயாவும் நலம். தங்கள் இடது முழங்கால் நலமா என்பதை முதலில் விசாரிக்கிறேன். இது வெறும் சம்பிரதாயமன்று. இக்கடிதத்தில் நான் விவரிக்கவிருக்கும் அனைத்துக்கும் மூலகாரணம், முறைப்படி ஆராய்ந்தால், அந்த முழங்கால்தான். அது கிளட்சை மிதிக்க மறுத்திராவிட்டால் தாங்கள் ஜீப்பை விற்க எண்ணியிருக்க மாட்டீர்கள்; விற்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கவும் மாட்டீர்கள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாமே என்பது ரயாவின் கருத்து. தொலைபேசியில் சொல்வதற்குச் சாட்சி கிடையாது. மேலும், தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள். ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். கண்டதைக் கண்டது என்றும், ஊகித்ததை ஊகித்தது என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

தாங்கள் எனக்கு அளித்த உத்தரவு என் நினைவில் சொல் பிசகாமல் இருக்கிறது. "கல்ஃபான் மாப்ள, சந்தைக்கு ஓட்டிட்டுப் போ. இரும்புக் குவியல், இரும்புக் குவியல், இரும்புக் குவியல்னு மூணு தடவ சொல்லு. சாவியக் குடு. வீட்டுக்குப் போயி காப்பி குடி. வேற எதையும் யோசிச்சுத் தொலைக்காத" என்றீர்கள். பழைய வண்டியை விற்பவன் அவ்வாறு சொல்லிவிட்டால், தான் விற்றது வண்டியையே அன்று, வெறும் இரும்பை என்று ஆகிவிடும்; பிறகு எந்தக் குறையைக் குறித்தும் வாங்கியவன் வாய் திறக்க முடியாது. நம் நாட்டில் இது எல்லோரும் அறிந்த வழக்கம். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரம் எழுதி முத்திரையிட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. குறையை அறியாதவன் அப்படிச் சொன்னால் அது பாதுகாப்பு. அறிந்தவன் சொன்னால் அது வஞ்சகம். ஆகவே எனக்கு மிகவும் உகந்த வழி, வண்டியைப் பற்றி எதையும் அறியாமல் இருப்பதே. அப்படித்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை முற்பகல் வரை, தங்கள் ஜீப்பைப் பற்றி என்னைவிடக் குறைவாக அறிந்தவர் இம்மாகாணத்தில் எவரும் இலர்.

அன்று முஸப்பஹ் வந்தார். மேல்மலைக் கிராமத்தில் தேனீ வளர்ப்பவர், அறுபது வயதிருக்கும், தங்களை நன்கு அறிந்தவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். உட்கார்ந்து மூன்று கிண்ணம் கஹ்வா குடித்தார். பிறகு, "உஸ்தாத், எனக்குக் கதவு திறக்கலன்னா பரவால்ல, கண்ணாடி ஏறலன்னா பரவால்ல. இன்னும் பத்து நாள்ல இலந்த பூத்துரும். அதுக்குள்ள நாப்பது கூட்டையும் ஆத்துப்படுகை வழியா மேல கொண்டு போவணும். நடுவுல வண்டி அடி தட்டி நின்னுச்சுன்னா, பேரீச்ச மரக் கூடு ஒண்ணு உருண்டாப் போதும், தேனீ மொத்தமும் எந்தலைலதான். இந்த வருசப் பூ போனா இந்த வருசச் சோறு போச்சு. அடிப்பக்கம் மட்டும் எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

நான் தங்கள் உத்தரவுப்படி, "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையின் துன்பங்கள் பலவும் இந்த இரண்டு சொற்களில் தொடங்கியவை. தங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதையே சொன்னேன் என்று ரயா அடிக்கடி நினைவூட்டுகிறாள்.

ஒரு பட்டறைக்காரரை அழைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பட்டறைக்காரர் இவ்விஷயத்தில் ஆதாயம் உள்ளவர். குறை கண்டால் அவருக்கு வேலை கிடைக்கும். எனவே அவர் சாட்சியம் செல்லாது. ஆதாயமற்ற ஒருவரே பார்க்க வேண்டும். அவ்வாறு ஒருவரைத் தேடியதில், வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவன் என்ற தகுதியால் நானே தேர்வானேன். ஏற்கெனவே திங்கட்கிழமை, விற்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முறை என்று கருதி, ஆற்றுப்படுகையின் பொடிமணலில் தங்கள் தொலைபேசி அறிவுரைகள் அனைத்தையும் வரிசைப்படி நிறைவேற்றி (காற்றை இறக்குதல், சிறிய கியரைப் போடுதல், பிஸ்மில்லா சொல்லுதல்) ஒரு மைல் சென்று திரும்பியிருந்தேன். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நான் செல்லவில்லை. வீட்டிற்கு வரும் தார்ச்சாலையிலும் அவ்வாறே. எனக்குப் பின்னால் வந்த பதினொரு வாகனங்களும் அதற்குச் சாட்சி.

புதன்கிழமை காலை, திஷ்தாஷாவைக் கழற்றி வைத்து, பழைய பனியனும் லுங்கியுமாக, ரயாவின் விருந்தினர் பாயை முற்றத்தில் விரித்து, கைவிளக்கு, அவளுடைய தையல் நாடா, வண்டியோடு வந்த கையேடு, ஒரு குறிப்பேடு ஆகியவற்றுடன் பின்பக்கமாக உள்ளே புகுந்தேன். கையேட்டின்படி, பின் அச்சின் நடுவே பூசணிக்காய்போல் உருண்டிருக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் தரைக்கும் இடையே இருபத்திரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அளந்தேன். பதினெட்டு. நாடாவைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். பதினெட்டு. முன் அச்சையும் அளந்தேன். அங்கும் நான்கு குறைவு. மைத்துனரே, தங்கள் வண்டியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் காணாமற்போயிருக்கிறது. ஒரு நிலப் பத்திரத்தில் இப்படி நான்கு முழம் காணாமற்போனால் மூன்று தலைமுறைக்கு வழக்கு நடக்கும்.

அதன்பின் என் கண் கூர்மையடைந்தது. எங்கு விளக்கைக் காட்டினாலும் ஒரு குற்றம் தென்பட்டது. கியர் பெட்டியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் புதிதாக மின்னும் கீறல் இருந்தது. அதன் காரணம் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை நான் ஓட்டியபோது ஒரு பாறையருகே அடியில் ஏதோ பெருஞ்சத்தம் கேட்டது என்பது உண்மை. கீறல் ஒரு செய்தி, சத்தம் ஒரு செய்தி; இரண்டையும் முடிச்சுப் போடுவது என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. வலப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய வில் பட்டைகளில் மூன்றாவதில் முடிபோல் ஒரு விரிசல். குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் தகடு வளைந்திருக்கிறது. பட்டைகளை அச்சோடு கட்டும் போல்ட்டுகளின் நுனிகள் பாறையில் அடிபட்டுக் காளான்போல் பரந்திருக்கின்றன. இடப்பக்கம், அடி தாங்கும் ரப்பர் கட்டை இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் கட்டை இல்லை. இவை ஐந்தும் கண்டவை. காணாமற்போன நான்கு சென்டிமீட்டரிலிருந்து, பட்டைகள் தளர்ந்தன, ஆகவே தொங்குகின்றன, ஆகவே அச்சு தாழ்ந்தது, ஆகவே சட்டகம் வளைந்திருக்கலாம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக மேலும் ஒன்பது குறைகளை ஊகித்தேன். ஆகப் பதினான்கு. படுத்தபடியே அனைத்தையும் குறித்துக்கொண்டேன்.

எழ முயன்றபோதுதான் என் நிலை எனக்குப் புலப்பட்டது. உள்ளே போகும்போது மூச்சை வெளியே விட்டிருந்தேன் போலும். குறைகளைக் கண்ட அதிர்ச்சியில் அதை உள்ளே இழுத்திருந்தேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர் என் வயிற்றுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பதினெட்டு போதவில்லை. காணாமற்போன நான்கு சென்டிமீட்டருக்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை என்று அப்போதே குறித்துக்கொள்ள விரும்பினேன். ஆனால் கையை மடக்க முடியவில்லை.

ரயா சமையலறை வாசலில் வந்து நின்று, வழக்கம்போல் எங்கள் மகன் பெயரைச் சேர்த்தே என்னை அழைத்தாள்: "அபூ ஹுமைத், அங்க என்ன செய்றீங்க?"

"ஆய்வு."

"வண்டி ஒட்டகம் மாதிரி மண்டி போட்டு நிக்குது, அதுக்கடியில போயி படுத்திருக்கீங்க. எம்பாய எடுத்தீங்களே, என்னக் கேட்டீங்களா?"

அவள் என் காலைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்நேரம் வாசலில் சலாம் கேட்டது. முஸப்பஹ்தான். ரயா உள்ளே போய்விட்டாள். என் பாதங்களைக் கண்ட முஸப்பஹ், வந்து சக்கரத்தின் அருகே குந்தி அமர்ந்தார். விருந்தினர் வந்தால் சேதி கேட்டுச் சேதி சொன்ன பிறகே வேறு பேச்சு என்பது நம் மரபு. வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டவனுக்கு அதில் விலக்கு உண்டா என்பதற்கு எந்த முன்மாதிரியும் என் நினைவுக்கு வரவில்லை.

"சேதி என்ன உஸ்தாத்?" என்றார்.

"சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நலம். உங்க பக்கம் சேதி என்ன?"

"ஒண்ணுமில்ல. நலந்தான். பிள்ளைக நலமா?"

"நலம். உங்க பிள்ளைகள்?"

"நலம். மழ கிழ உண்டா?"

"இல்ல. உங்க பக்கம்?"

"ஒரு தூத்தல். அல்ஹம்துலில்லா."

"அல்ஹம்துலில்லா" என்றேன். முறை முடிந்தது. "இப்ப ஒரு சேதி இருக்கு. நான் மாட்டிக்கிட்டேன்."

"அது தெரியுது" என்றார் முஸப்பஹ். "சேதி கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, சரி, உங்க விருப்பம்னு விட்டுட்டேன்."

கும்மா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இரு கணுக்கால்களையும் பிடித்து, பாயோடு சேர்த்து அவர் என்னை வெளியே இழுத்தார். பாயில் இப்போது கறுப்பாக ஒரு நீள்கோடு இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு பாயை மஸ்கத்திலிருந்து தாங்கள் அனுப்புவீர்கள் என்று ரயா நம்புகிறாள். அவ்வாறு நான் வாக்களிக்கவில்லை. வெளியே வந்த என்னையும் சக்கரங்களையும் முஸப்பஹ் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான், "எதுவாயினும் வெள்ளிக்கிழமை, சாட்சிகள் முன்னிலையில்" என்று தடுத்துவிட்டேன்.

இன்று காலை, ஜும்ஆ தொழுகைக்கு முந்திய சந்தை. தங்கள் வண்டியை ஆடுகளுக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே நிறுத்தினேன். தரகர் தர்வீஷ் தன் கைத்தடியால் வண்டியைத் தட்டி, "முஹன்னாவோட ஜீப்பு, மலைக்குப் பொறந்தது. வாங்குறவரு முஸப்பஹ், விக்கிறவரு உஸ்தாத் கல்ஃபான். உஸ்தாத், அந்த வார்த்தையச் சொல்லுங்க, முடிச்சிரலாம்" என்றார். இருபது பேர் சூழ்ந்து நின்றனர். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"என்னது அது?" என்றார் தர்வீஷ்.

"குறைகளின் பட்டியல். பதினான்கு."

"யாரோட வண்டிக்கி?"

"இதற்குத்தான்."

"உஸ்தாத், நீங்க விக்கிற பக்கம். வாங்குறவன் சொல்ல வேண்டியத நீங்க சொல்றீங்க. இது சந்தைங்க, கோர்ட்டு இல்ல."

படித்தேன். கீறலிலிருந்து தொடங்கி, விரிசல், தகடு, போல்ட்டு, ரப்பர், பிறகு ஊகங்கள் ஒன்பதும். ஆறாவது குறையில் ஆட்டு வியாபாரிகள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஒன்பதாவதில் ஒருவர் தன் மகனைத் தோளில் தூக்கி வேடிக்கை காட்டினார். பதினான்காவதைப் படித்து முடித்தபோது, அவ்விடத்தில் என் நாணயத்தைக் குறித்து ஒரு மரியாதை எழும் என்று எதிர்பார்த்தேன். ஆட்டு வியாபாரி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பதினாலத் தானா சொல்றான்னா, சொல்லாம வச்சிருக்கிறது எம்மாம் பெருசா இருக்கும்?"

அது தீப்போல் பரவிற்று. "பதினஞ்சாவதச் சொல்லச் சொல்லுய்யா" என்றார் ஒருவர். "எஞ்சினே இல்லியோ என்னவோ" என்றார் இன்னொருவர். "அப்பறம் எப்படி ஓட்டிட்டு வந்தாரு?" "பின்னாடி வந்தவன்கிட்டக் கேட்டேன், நடந்துதான் வந்தாராம்."

முஸப்பஹ் மட்டும் சிரிக்கவில்லை. என்னருகே வந்து, எல்லோரும் கேட்க, மெதுவாகக் கேட்டார்: "உஸ்தாத், பதினஞ்சாவது ஒண்ணு இருக்கா?"

"இல்லை. பதினான்கே. என் முப்பத்தொரு வருடப் பெயர்மீது சொல்கிறேன்."

அவர் கண் ஒருமுறை கீழே போய் மீண்டும் என் முகத்துக்கு வந்தது. "சரி" என்றார். "அவ்வளவு தீர்மானமாச் சொன்னதுக்கப்பறம் நான் என்ன சொல்ல?" என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டார். தர்வீஷ் கைத்தடியை என் பக்கம் நீட்டி, "அடுத்து ஒரு கிடா. இதுக்காவது குறை சொல்லாதீங்க" என்றார்.

இதனால் நிகழ்ந்தவை என்னவென்றால்: விற்பனை முறிந்தது. இன்னும் ஏழு நாளில் இலந்தை பூக்கும். முஸப்பஹிடம் வண்டி இல்லை. கழுதைகளில் நாற்பது கூடுகளை ஏற்றினால் பாதி உருளும். ஒரு மனிதருடைய ஓராண்டுச் சோற்றை நான் என் நாணயத்தால் கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் தொழுகையிலும் என்னை விடவில்லை. ஆனால் உண்மையை மறைத்து அவரை ஆற்றுப்படுகைக்கு அனுப்பியிருந்தால் இதைவிடக் கேடு என்றே என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பதினான்கு குறைகளும் உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. இவ்வண்டி மலை ஏறத் தகுதியற்றது. இதை ஓட்டுவதற்காக எவருக்கும் விற்கலாகாது. உடைத்து இரும்பாக விற்பதே முறை. அப்போது தாங்கள் விரும்பிய வார்த்தையை நான் மனச்சான்றுக்கு விரோதமின்றி மூன்று முறை சொல்ல இயலும். இதுவே என் முடிந்த முடிவு.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் சலாம். இறைவன் தங்கள் முழங்காலுக்கு வலுவையும், எனக்குப் பொறுமையையும், வண்டிக்கு நல்ல முடிவையும் அருள்வானாக.

என்றும் தங்கள் நலம் நாடும்,
கல்ஃபான் பின் ஸாஹிர்
(கையொப்பமும் முத்திரையும்)

பின்குறிப்பு. சனிக்கிழமை, முற்பகல்.

மேலே கையொப்பமிட்டாகிவிட்டது. கையொப்பமிட்ட ஆவணத்தில் அடித்தல் திருத்தல் செய்வது என் வழக்கமன்று. இல்லையேல் மேற்கண்ட பக்கங்களைக் கிழித்திருப்பேன். நாளைப் பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புமுன் கீழ்க்கண்டவற்றையும் சேர்ப்பது என் கடமையாகிறது.

இன்று காலை முஸப்பஹ் வந்தார். சேதி கேட்டோம், சேதி சொன்னோம். கையில், பேட்டரியில் மாட்டும் ஒரு காற்றுப் பம்பு இருந்தது. என்னைக் கேட்காமல் முன் மூடியைத் திறந்து மாட்டினார். முதல் சக்கரத்தில் காற்று ஏறத் தொடங்கியதும் வண்டி மெல்ல எழுந்தது. எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது. விளங்காததுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணல்ல எறக்குன காத்த அப்பறம் ஏத்தவே இல்லையா, உஸ்தாத்?"

"தங்கள் நண்பர் முஹன்னா இறக்கத்தான் சொன்னார். ஏற்றச் சொல்லவில்லை" என்றேன். இது உண்மை; தங்களுக்கும் நினைவிருக்கும்.

"பட்ட தொங்குனா மேல்கூடு எறங்கும். அச்சு எப்படி எறங்கும்? அச்சு சக்கரத்துமேல இல்ல உக்காந்திருக்கு. நீங்க அச்ச அளந்து பட்டையக் குத்தஞ்சொன்னீங்க."

நாடாவைக் கொண்டுவந்து அளந்தார். இருபத்திரண்டு. ஊகித்த ஒன்பது குறைகளும் அத்துடன் மறைந்தன. தகடு, போல்ட்டு, ரப்பர் மூன்றையும் குனிந்து பார்த்து, "இது உங்க மைத்துனர் வேல. துருவப் பாருங்க, இருவது வருசத்துது. இதோடதான் அவரு எங்க ஊருக்கு ஏறி எறங்கிட்டிருந்தாரு" என்றார். மின்னும் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீறலையும் சத்தத்தையும் அவர் முடிச்சுப் போட்டுவிட்டார். அது அவர் அதிகாரத்துக்கு உட்பட்டது.

"காற்றில்லாததைச் செவ்வாய்க்கிழமையே பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே. பொதங்கெழம சொல்ல வந்தேன், நிறுத்திட்டீங்க. நேத்து இருவது பேருக்கு முன்னாடி உங்க பேர வச்சுச் சத்தியம் பண்ணிட்டீங்க. அதுக்கு மேல நான் சக்கரத்தக் காட்டுனா, நீங்க ஊருக்குள்ள நடமாட வேணாமா?" என்றார். பிறகு, பட்டையின் விரிசலில் விரலை வைத்துத் தடவினார். வெகுநேரம் தடவினார். "இது மட்டும் எங்கண்ணுக்கு ஆம்பிட்டிருக்காது, உஸ்தாத். இத மாத்தாம கூட்ட ஏத்தியிருந்தா, நட்டாத்துல முறிஞ்சிருக்கும். நாளைக்கே மாத்திர்றேன். இப்ப அந்த வார்த்தையச் சொல்லுங்க."

மூன்று முறை சொன்னேன். வாழ்வில் முதன்முறை என்பதால் இரண்டாவது குவியலில் குரல் தடுமாறிற்று. சமையலறைச் சன்னலில் ரயா சிரித்தாள். வண்டி மண்டி போட்டிருப்பதைத் தான் புதன்கிழமையே சொன்னதாகத் தங்களுக்கு எழுதச் சொல்கிறாள். சொன்னது உண்மை. பதிவு செய்கிறேன்.

வண்டி விற்றாயிற்று, பேசிய விலையில் மாற்றமில்லை. பூ முடிந்ததும் தங்களுக்கு ஒரு குப்பித் தேன் வரும். சாவியை வாங்கிக்கொண்ட முஸப்பஹ், என் பட்டியலையும் கேட்டார். எதற்கு என்றேன். "வண்டியோட ஜாதகம் இல்லியா, வண்டியிலயே இருக்கட்டும். ஆனா முழுசா இருக்கணும். பதினஞ்சாவதயும் எழுதிக் குடுங்க" என்றார்.

நாங்கள் நின்றது என் வீட்டு முற்றம், சாட்சிக்கு ரயாவைத் தவிர எவருமில்லை, மறுத்திருக்கலாம். ஆனால் கேட்டவர் முறையாகக் கேட்டார். நேற்று அவர் காத்த வாய்க்கு நான் கடமைப்பட்டவன். பேனாவை எடுத்து, "பதினைந்து: விற்பவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

கையொப்பமிட்டு, தேதி போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தேன்.

க. ஸா.